பாதி வேகத்தில் எடுத்த படம்

சோதனைக்கூடத்தில் அவளுக்குக் ‘கண் டாக்டர்’ என்று பெயர். வைத்தவன் அவளுடைய அண்ணன். மின்சுற்றுப் பலகையில் ஓடும் ‘ஒன்று’, ‘பூஜ்யம்’ என்ற மின்துடிப்புகளை அலைகாட்டிக் கருவி ஒன்றன்மேல் ஒன்றாக வரையும்போது, நடுவில் கண்போல ஓர் இடைவெளி விழும். அது அகலத் திறந்திருந்தால் பலகை தேறிவிட்டது என்று பொருள். மூடிக்கொண்டால் எது ஒன்று, எது பூஜ்யம் என்று மறுமுனைக்குப் புரியாது. அந்தக் கண்ணைப் பார்த்துச் சொல்வதுதான் அவள் பிழைப்பு.

பலகைகளை வடிவமைப்பவன் அண்ணன். அப்பா போனபின் அவளைப் படிக்கவைத்தவனும், இந்த வேலையில் சேர்த்துவிட்டவனும் அவனே.

அவனுடைய புதுப் பலகை நொடிக்குப் பத்து ஜிகாபிட் வேகத்தில் ஓட வேண்டும். ஓடவிட்டதுமே கண் மூடிக்கொண்டது. வேகத்தைப் பாதியாக்கினாள், திறந்தது. கேபிளை மாற்றினாள், அதே வடிவில் வேறொரு பலகையைப் பொருத்தினாள், மறுபடி பத்துக்கு ஏற்றினாள். ம்ஹூம். அவனிடம் முதலில் சொல்வதுதான் முறை என்று, திரையைக்கூட அணைக்காமல் கேன்டீனுக்கு ஓடினாள்.

“அண்ணா, பத்துல நிக்கலை.”

“ஏன் நிக்காது? அலை ஒருதடவை ஏறி இறங்கறதுக்குள்ள ரெண்டு பிட், ஒரு ஒண்ணும் ஒரு பூஜ்யமும், போயிடுது. பத்து ஜிகாபிட்டுக்கு அஞ்சு ஜிகாஹெர்ட்ஸ். அஞ்சை அந்தப் பலகை தாங்கும்.”

“அஞ்சு மட்டும் போனா துடிப்பு மழுங்கிடுமேண்ணா. விளிம்பு கூர்மையா இருக்கணும்னா மூணு மடங்கு, அஞ்சு மடங்கு அலையும் கூடப் போகணும். பதினஞ்சை இது வழியிலேயே முழுங்கிடுது.”

அவன் டம்ளரைத் தள்ளி வைத்தான். “தெரியும். நல்ல ரகப் பலகை வாங்கக் கம்பெனில விடலை. எப்படியாவது சமாளிச்சிடும்னு நெனச்சேன்.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “பாதி வேகத்துல எடுத்த படம் இருக்கில்ல? இப்போதைக்கு அதை வச்சு அறிக்கை குடு. அடுத்ததுல சரி பண்ணிடறேன்.”

“யோசிக்கிறேண்ணா.”

இருவரும் திரும்பி வந்தபோது, மூடிய கண் அப்படியே தெரிந்த அவள் திரைக்கு முன்னால் மேலாளர் கைகட்டி நின்றிருந்தார்.

“இது எந்த வேகம்?”

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

“பத்து சார்,” என்றாள்.

அந்தத் திட்டத்தை இழுத்து மூடினார்கள். அண்ணனைக் கிடங்கில் பெட்டி எண்ணும் வேலைக்குத் தள்ளினார்கள். அவன் தாக்குப்பிடிக்காமல் ராஜினாமா செய்தான்.

“அவரை வரச் சொல்லிட்டுத்தானே என்கிட்ட வந்தே?” என்று ஒரே ஒருமுறை கேட்டான். இல்லை என்று அவள் அடித்துச் சொன்னது அவன் காதில் ஏறவில்லை.

மேலாளர் வந்திராவிட்டால் எந்தப் படத்தைக் கொடுத்திருப்பாள்? அது அவளுக்கே தெரியவில்லை. அதுதான் அவளை அரித்தது.

இப்போதும் அவ்வப்போது அவன் வீட்டுக்குப் போகிறாள். கதவைத் திறக்கும் அண்ணி, “அவர் தூங்கறாரும்மா,” என்று முகம் பார்க்காமல் சொல்வாள். உள்ளே அவன் இருமுவது கேட்கும். அண்ணி கொடுக்கும் தண்ணீரைக் குடித்துவிட்டு, “வரேன் அண்ணி,” என்று படியிறங்கிவிடுவாள்.