கலப்பத்து அடித்த பிக்கப்

எண்பத்து நான்காம் ஆண்டு, ஆனி மாதம். புளியங்கூடலில் எங்கள் வீட்டு வளவுக்குள் நாங்கள் செய்த ஒரு வேலையும், அதன் பலனாகப் புங்குடுதீவுப் பாலத்தில் நான் கண்ட காட்சியும்தான் இந்தக் கதை. வாசித்துவிட்டு எனக்கு விசர் என்று நினைப்பவர்கள் கூச்சப்பட வேண்டாம். என் மனைவி அதை எப்போதோ முடிவுகட்டிவிட்டாள்.

முந்தின வருடக் கலவரத்தில் கொழும்பிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர்களில் நானும் ஒருவன். அங்கே வாகனச் சாமான் விற்கும் கடையில் வேலை பார்த்தேன். எந்தப் பெட்டிக்குள் எந்தச் சாமான் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் அந்தச் சாமான் வாகனத்தில் எந்த இடத்தில் பூட்டப்படுகிறது என்பது எனக்குத் தெரியாது. மருந்துக்கடையில் நின்றவன் ஊருக்கு வந்து சத்திரசிகிச்சை செய்ய வெளிக்கிட்டதைப்போல, நான் ஒரு பழைய பிக்கப்பை வாங்கித் திருத்த வெளிக்கிட்டேன்.

அது பிறப்பில் பிக்கப் அல்ல. முன்பாதி ஒரு பழைய இங்கிலீஷ் கார். பின்பாதியை வெட்டி எறிந்துவிட்டு மரப்பெட்டி பூட்டியிருந்தார்கள். அதோடு விடாமல், அடிச்சட்டத்தை நடுவில் அறுத்து, இரும்புத் துண்டு வைத்து ஒட்டி, ஒரு முழம் நீட்டியும் இருந்தார்கள். ஏன் நீட்டினார்கள் என்பதை வாங்கின பிறகுதான் அறிந்தேன். முதல் சொந்தக்காரர் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியிலிருந்து பிரேதங்களைத் தீவெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தவர். சவப்பெட்டியை வைத்தால் பின்கதவு பூட்ட முடியவில்லையாம். அதற்குத்தான் அந்த ஒரு முழம். அவரும் கடைசியில் அதிலேயே போய்ச் சேர்ந்தபிறகு, வண்டி நாலைந்து வருடம் கடற்கரையில் உப்புக்காற்றில் துருவேறிக் கிடந்தது.

எனக்கு அவசரம் இருந்தது. என் அக்காவுக்குக் கலியாணமாகி ஒன்பது வருடம் பிள்ளையில்லை. நயினாதீவு அம்மனுக்கு நேர்த்தி வைத்து ஒரு பெண்பிள்ளை பிறந்தது. தேர்த் திருவிழா அன்று பிள்ளையை அம்மன் வாசலில் கிடத்தி எடுக்க வேண்டும். அத்தான் சவூதியில். "பஸ்ஸிலை நெரிபடத் தேவையில்லை அக்கா, மருமகள் என்ரை பிக்கப்பிலைதான் அம்மனட்டைப் போவாள்" என்று நான் அயலெல்லாம் கேட்கச் சொல்லிவிட்டேன். அயலிலிருந்த ஏழெட்டுப் பெண்களும் தாங்களும் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். வாயால் கெட்டவன் என்று என்னைத் தாராளமாகச் சொல்லலாம்.

உதவிக்கு என் பள்ளிக்கூட நண்பன் வந்தான். ஊர்காவற்றுறைக்காரன், கத்தோலிக்கன், தகப்பனோடு வள்ளத்தில் கடற்றொழிலுக்குப் போகிறவன். வள்ளத்துக்கு இயந்திரம் பூட்டிய கை என்பதால், எங்கள் இருவரில் அவன்தான் இஞ்சினியர். வண்டியின் உடலைத் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, அடிச்சட்டத்தை இரண்டு பனங்குற்றிகளின் மேல் கிடத்தினோம். கம்பித் தும்பால் உரஞ்ச உரஞ்ச, கறள் தட்டுத் தட்டாகக் கழன்று விழுந்தது. மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினோம். மாலையில் பார்த்தால், கடற்கரையில் ஒதுங்கிய ஏதோ ஒரு பெரிய விலங்கின் எலும்புக்கூடு மாதிரி எங்கள் முற்றத்தில் கிடந்தது.

அன்று பொழுதுபடும் நேரம்தான் அது முதன்முதலாக முனகியது.

நான் கிணற்றடியில் கைகழுவிக்கொண்டு நின்றேன். நோயாளி பாயில் புரளும்போது வருமே, அப்படி ஒரு சத்தம். நீளமாக வந்து, தேய்ந்து, மறுபடியும் வந்தது. நண்பன் சட்டத்துக்கு அருகில் அசையாமல் நின்றான்.

"உது காத்தடா மச்சான்," என்றான். "இரும்பிலை கிடக்கிற ஓட்டையளுக்குள்ளாலை சோளகம் ஊதுது. போத்தல் வாயிலை ஊதினால் வாறேல்லையே, அப்பிடித்தான்."

"அப்ப ஏன் நீ சிலுவை போட்டனீ?"

"அது பழக்கத்திலை."

சோளகக் காற்று வீசும் காலம் அது. ஆகவே ஒவ்வொரு மாலையும் அது முனகியது. எனக்குப் பழகிவிட்டது என்று வெளியில் சொல்லிக்கொண்டேன். பழகாதது ஒன்று இருந்தது. பொழுதுபட்டால் மருமகள் வீரிட்டு அழுவாள். அக்கா தூக்கிக்கொண்டு முற்றத்தில் நடப்பாள். அந்த முனகல் எழுந்ததும் பிள்ளை சட்டென்று அழுகையை நிறுத்திவிட்டு, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதைப்போல அந்த இரும்பின் பக்கம் தலையைத் திருப்பும். சத்தம் ஓயும் வரை கண் வெட்டாமல் பார்க்கும்.

அக்கா இதை இரண்டு மூன்று மாலை பார்த்தாள். பிறகு சொன்னாள்: "தம்பி, உந்தச் சத்தத்தை நிப்பாட்டு. இல்லாட்டி நானும் பிள்ளையும் உதிலை ஏற மாட்டம்."

நிப்பாட்டினோம். எப்படி நிப்பாட்டினோம் என்பதைக் கேட்டால் உலகத்தில் எந்த வாகனத் திருத்துநரும் என்னோடு பேசமாட்டார். வள்ளத்தின் பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசித் தண்ணீர் புகாமல் அடைப்பார்களே, கலப்பத்து அடிப்பது என்று, அதைப் பிக்கப்பின் அடிச்சட்டத்துக்குச் செய்தோம். நண்பன் பீடியைப் பற்றவைத்துப் புகையை ஊதுவான். புகை எந்த ஓட்டைக்குள் இழுபடுகிறதோ அதில் நான் பஞ்சை வைத்து உளியால் இறுக்குவேன். புகை அதிகம் இழுபட்ட இடம் அந்த நடு ஒட்டுக்குப் பக்கத்தில், மயிர் போன்ற ஒரு கீறல். காதை வைத்தால் முனகலும் அங்கேதான் பலமாகக் கேட்டது.

"இதை ஒருக்கால் ஒட்டவேணும் மச்சான்," என்றான் நண்பன். "பஞ்சாலை சரிவராது."

ஒட்டுவதற்கு யாழ்ப்பாணம் கொண்டுபோக வேண்டும். தேருக்கு ஒரு கிழமைதான் இருந்தது. "திருவிழா முடியட்டும். இப்போதைக்குப் பேயின்ரை வாயைப் பொத்துவம்" என்று சொல்லி, மற்ற எல்லா ஓட்டைகளையும்விட அதற்குள் அதிகம் பஞ்சைத் திணித்து, மேலே தாரும் பூசிவிட்டேன். அத்தோடு, ஏழெட்டுப் பேரின் பாரம் தாங்கட்டும் என்று, உடைந்த லொறி ஒன்றின் வில்லுத் தகடுகளைக் கொண்டுவந்து பின்பக்கம் இரண்டு புறமும் சேர்த்தோம். பழைய ரயரை வெட்டி றப்பர் வைத்தோம். உடலைத் திரும்பப் பூட்டியபோது, முட்டையிட எழும்பிய கோழி மாதிரிப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சத்தம் நின்றுவிட்டது. சோளகம் எவ்வளவு வீசினாலும் ஒரு முனகல் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அமைதி முனகலைவிட மோசமாக இருந்தது. ஒருவர் பேச்சை நிறுத்திவிட்டு நம்மையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற உணர்ச்சி.

தேர் அன்று காலை. பிள்ளையார் கோவில் முன்றலில், தார் ரோட்டில் பிக்கப்பை நிறுத்தினேன். பின்பெட்டியில் உட்கார இரண்டு வாங்குகள் போட்டு, பெண்கள் பட்டுச்சேலையும் பொங்கல் பானையுமாக ஏறியிருந்தார்கள். அக்கா பிள்ளையோடு என் பக்கத்துச் சீற்றில். பிள்ளை வழக்கம்போல் வீரிட்டுக்கொண்டிருந்தது. தேங்காய் உடைத்தாயிற்று. நண்பன் நாலு சில்லுக்கும் கீழே நாலு தேசிக்காயை, அதுதான் எலுமிச்சங்காயை, வைத்தான். கத்தோலிக்கன் என்றாலும் இந்த வேலையில் அவன் என்னைவிடச் சுத்தம். நான் கியரைப் போட்டு மெதுவாக முன்னே எடுத்தேன்.

நண்பன் பின்னால் குனிந்து பார்த்தான். "மச்சான், பின் இடப்பக்கம் நசியேல்லை."

"உருண்டிருக்கும். திருப்பி வை."

திருப்பி வைத்தான். நான் பின்னுக்கு எடுத்து, மறுபடி முன்னுக்கு எடுத்தேன்.

"நசியேல்லை," என்றான். குரல் இறங்கியிருந்தது. "ரயருக்கு நேர் கீழை வைச்சனான். மேலாலை ஏறி இறங்கினதை என்ரை கண்ணாலை பாத்தனான்."

வாங்கிலிருந்த பெண்கள் கதையை நிறுத்திவிட்டார்கள். நான் இறங்கிப் போனேன். தேசிக்காய் ரோட்டில் கிடந்தது. தோலில் ரயரின் வரிகள் பதிந்திருந்தன. ஆனால் காய் முழுதாக, இறுக்கமாக இருந்தது. கையில் எடுத்தேன். அந்த வெயிலிலும் கிணற்றுக்குள் கிடந்ததைப்போலக் குளிர்ந்தது.

இப்படியான நேரங்களில் என் வாய் சும்மா இருக்காது. "அந்தச் சில்லு இண்டைக்கு விரதம் போலை. உபயகாரர் கோவிக்காதேங்கோ" என்றேன். நான் சொல்லும் பகிடிக்கு, பாவம் பார்த்தாவது யாரேனும் ஒருவர் சிரிப்பார். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாரும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னையல்ல, முன்சீற்றை.

பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டிருந்தது. தலையைத் திருப்பி, பின்பக்கம், கீழே, அடிச்சட்டம் இருக்கும் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. கண் வெட்டாமல், முற்றத்தில் பார்த்த அதே பார்வை. எங்களுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

அக்கா மெதுவாகச் சொன்னாள்: "பிள்ளைக்குக் கேக்குது."

கதவைத் திறந்து இறங்கிவிட்டாள்.

"அக்கா, உதென்ன சின்னப்பிள்ளை வேலை."

"நான் பஸ்ஸிலை போறன். நீ கோவிச்சாலும் பறவாயில்லை. ஒன்பது வருஷம் காத்திருந்து பெத்தனான்."

அவள் இறங்கியதும் மற்றவர்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். சேலைகள் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. வெறும் வாங்குகளோடு நின்ற என் பிக்கப் அப்போதுதான் தன் பழைய தொழிலுக்குப் பொருத்தமாகத் தெரிந்தது.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. இவர்கள் பஸ்ஸில் வந்து இறங்கும்போது, நயினாதீவுக்குப் படகேறும் குறிகட்டுவான் துறையில் சாய்ந்து நின்று வரவேற்க வேண்டும் என்று வெறும் வண்டியோடு புறப்பட்டேன். நண்பன் முன்னால் ஏற மாட்டேன் என்று பின்னால் ஏறி நின்றான்.

புங்குடுதீவுப் பாலத்தைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். பாலம் என்று பெயர், ஆனால் அது கடலுக்குள் போடப்பட்ட நீண்ட ரோட்டு. இரண்டு பக்கமும் தண்ணீர் ரோட்டுமட்டத்துக்கு நிற்கும். நடுவே போகும்போது முன்னாலும் பின்னாலும் கரை தெரியாததுபோல ஒரு மயக்கம் வரும். அந்த நடுவில்தான் அது திரும்பவும் வந்தது.

முனகல். இந்த முறை முற்றத்தில் இல்லை, என் காலுக்குக் கீழே. ஒரு பள்ளத்தில் விழுந்தெழும்பும்போது பலமாகி, சமதரையில் அடங்கி, மறுபடி பலமானது. நண்பன் கூரையில் படபடவென்று தட்டினான். நிறுத்தினேன். இயந்திரத்தையும் நிறுத்தினேன்.

முனகல் நிற்கவில்லை. எங்கள் வண்டி ஆடாமல் அசையாமல் நிற்க, அதற்கடியில் அது முனகிக்கொண்டே இருந்தது.

நான் படுத்து உள்ளே தலையை விட்டேன். நடு ஒட்டுக்குப் பக்கத்தில் நாங்கள் திணித்த பஞ்சு வெளியே வந்து, கறுத்த நாக்கு மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால், மயிர்போல் இருந்த கீறல் என் விரல் போகும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. சட்டத்தின் அடிவிளிம்பில் இரண்டு விரல் அகல இரும்புதான் மிச்சம். நாங்கள் ஏற்றிய லொறித் தகடுகள் ஒவ்வொரு பள்ளத்திலும் வளையாமல் நின்று, அடியை முழுக்க அந்த இடத்துக்கே அனுப்பியிருக்கின்றன. வெறும் வண்டிக்கே இந்த நிலை. பின்னால் அத்தனை பெண்களும் முன்னால் அக்காவும் பிள்ளையும் இருந்திருந்தால் எந்த இடத்தில் இரண்டாகியிருக்கும், எந்தப் பக்கத்துக் கடலுக்குள் போயிருக்கும் என்று என் மனம் கணக்குப் போடத் தொடங்கியது. நான் அதை முடிக்க விடவில்லை.

அப்படியே படுத்திருக்கும்போது பஸ் வந்தது. எங்களைத் தாண்ட இடம் மட்டுமட்டாக இருந்ததால் ஊர்ந்து போனது. யன்னல்களில் எங்கள் ஊர்ப் பெண்களின் முகங்கள். அவர்களுக்குத் தெரிந்தது பிக்கப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் இரண்டு கால்கள் மட்டும்தான். அக்கா பயந்து, "தம்பி, உயிரோடை கிடக்கிறியே?" என்று கத்தியது கேட்டது. பதிலுக்குக் காலை ஆட்டிக் காட்டினேன்.

பெண்கள் இருக்கவென்று போட்ட வாங்கின் பலகையை எடுத்து, முறிந்த காலுக்குக் கட்டுப்போடுவதுபோல் சட்டத்தோடு வைத்து வள்ளக் கயிற்றால் வரிந்து கட்டினான் நண்பன். நடக்கிற வேகத்தில் வீடு திரும்பினோம். பிள்ளையார் கோவிலடிக்கு வந்தபோது அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"மச்சான், எனக்கு விளங்குது," என்றான். "சட்டம் முறுகினபடியால் அந்தச் சில்லிலை பாரம் நிக்கேல்லை. அதுதான் தேசிக்காய் நசியேல்லை. வேறை ஒண்டுமில்லை."

எனக்கு உயிர் வந்தது. "ஓமடா, அதுதான். செய்து பாப்பம்."

காலையில் நசியாமல் மிஞ்சிய காயைக் கழுவி, அதே இடத்தில், அதே சில்லுக்குக் கீழே வைத்தோம். காலையில் இருந்ததைவிட மோசமாக முறுகிய சட்டம். பின்னால் ஆள் பாரமும் இல்லை. நான் ஓரடி முன்னுக்கு எடுத்தேன். காய் பச்சென்று நசிந்து சாறு ரோட்டில் ஓடியது. கோவிலடியில் இன்னும் இரண்டு வாங்கி, ஒன்றை வைத்தோம். நசிந்தது. இன்னொன்று. அதுவும் நசிந்தது.

நண்பன் சிலுவை போட்டான். இம்முறை நான் காரணம் கேட்கவில்லை.

பிறகு அந்த ஒட்டுத் துண்டையே அறுத்தெறிந்து, யாழ்ப்பாணத்தில் புது இரும்பு வைத்து முறையாக ஒட்டுவித்தோம். லொறித் தகடுகளையும் கழற்றினோம். நாங்கள் தீவை விட்டு இடம்பெயரும் வரை பிக்கப் ஒரு குறையுமில்லாமல் ஓடியது. மருமகள் இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். இந்தக் கதையைச் சொன்னால், "மாமா, உங்களுக்கு வேற வேலையில்லை" என்று சிரிக்கிறாள். அவளுக்கு ஒன்றும் நினைவில்லை. நான்தான் சில நேரம் அவளுடைய பிள்ளைகள் எந்தப் பக்கம் தலையைத் திருப்புகிறார்கள் என்று பார்க்கிறேன்.

அந்தக் காய் அன்று ஏன் நசியவில்லை என்பது எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் இந்த வயதுவரைக்கும் நான் சொன்ன ஆயிரம் பகிடிகளில், ஒருவருமே சிரிக்காத அந்த ஒன்றுதான் ஒரு பிக்கப் நிறைந்த உயிர்களைக் கரையில் இறக்கிவிட்டது. அதனால் இப்போதெல்லாம் நான் ஒன்று சொல்லி யாரும் சிரிக்காவிட்டால், திருப்பிச் சொல்லிப் பார்ப்பதில்லை. அவர்கள் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நானும் திரும்பிப் பார்க்கிறேன்.