முதல் வாய் கோப்பி

நாளும் கிழமையும் போட்டு எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு ஒன்பது வயதில் தொடங்கியது. மூன்றாம் ஆண்டு முடிந்த நீண்ட விடுமுறையில், பாதி காலியாகக் கிடந்த பள்ளி நோட்டில் வீட்டு நடப்புகளை எழுதினேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதிலுள்ள ஒரு திங்கட்கிழமையைத்தான் திருத்த முடியவில்லை.

அப்பாவின் அக்கா அப்போது கிள்ளானில் எங்களோடு இருந்தார். கையுறைத் தொழிற்சாலையில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தவர். கேண்டீன் சாப்பாட்டில் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்று ஒருநாள் வேலையை விட்டுவிட்டார். சில மாதங்களில் அந்தச் சந்தேகம் எங்கள் சமையலறைக்கும் வந்து சேர்ந்தது. டாக்டர் பேச்சை எடுத்தால் போதும், "பைத்தியம்னு எழுதி வாங்கப் பாக்கறீங்களா?" என்று கதவைச் சாத்திக்கொள்வார். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு டாக்டரிடம் அப்பா மூன்று முறை நேரம் வாங்கினார். மூன்று முறையும் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார்.

அத்தையைச் சாப்பிட வைக்க ஒரே ஒரு வழி திறந்திருந்தது. நான் முதல் வாய் தின்று காட்டினால் அத்தையும் சாப்பிடுவார். "மேனேஜரம்மா வந்தாச்சா? செக் பண்ணுங்க," என்பார். பொரித்த மீனில் முறுகலான பக்கம் எனக்குத்தான். வீட்டில் வேறு யாருக்கும் கிடைக்காத பதவி அது.

அந்தத் திங்களுக்கு முந்தைய சனிக்கிழமை எனக்குத் தலை பின்னிக்கொண்டே அத்தை கேட்டார்.

"பாப்பா, அந்த டாக்டர் ஆம்பளையா, பொம்பளையா?"

"தெரியல அத்தை."

"கொமுட்டர் ரயில்லயா போகணும்? நீயும் வருவியா?"

"வரேன்லா. அங்க வடை நல்லா இருக்கும்."

அத்தை சிரித்தார். நோட்டில் வடையைப் பற்றி எழுதினேன். கேள்வியையும் எழுதியிருக்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய செய்தியாக அது படவில்லை.

அப்பா தனியாகப் போனபோது டாக்டரிடம் கேட்டு வாங்கி வந்து, அத்தை தொடாமல் விட்ட மாத்திரைகள் அலமாரியில் இருந்தன. திங்கட்கிழமை காலை அம்மா அவற்றில் ஒன்றைப் பொடித்து அத்தையின் கோப்பியில் கலக்கினார்.

"வாயிலயே வெச்சுக்கோ, முழுங்கிடாத. அத்தை குடிச்சதும் ஓடிப்போய்த் துப்பிடு."

"நல்லதுக்குத்தாம்மா," என்றார் அப்பா, ஜன்னலைப் பார்த்தபடி.

அத்தையின் எதிரில் நின்று ஒரு வாய் எடுத்தேன். கோப்பைக்குக் கை நீட்டியவர் என் கன்னத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"ஏன் முழுங்கல?"

பதில் சொல்ல வாய் காலியாக இல்லை. நாக்கில் கசப்பு ஏறியது. விழுங்கித் தொலைக்கலாம் என்று நினைத்த நொடியில் அத்தை கோப்பையைத் தட்டிவிட்டார். என் கழுத்தைப் பிடித்துக் குனியவைத்து முதுகில் ஓங்கி அறைந்தார்.

"துப்பு! துப்புடி!"

துப்பினேன். விரலை விட்டு வாயைத் துழாவினார். குழாயடிக்கு இழுத்துப்போய்ப் பத்துப் பதினைந்து தடவை கொப்பளிக்க வைத்தார்.

"அது உங்க மாத்திரைதான் அண்ணி," என்று அம்மா அழுதார். அத்தை அதைக் காதில் வாங்கவே இல்லை.

"புள்ளய வெச்சா செய்வீங்க?"

அன்றிலிருந்து அத்தைக்கு வாழைப்பழமும் ஓட்டோடு அவித்த முட்டையும்தான், அதுவும் தானே உரித்தவை. உடம்பு பாதியாகிவிட்டது. நான் தட்டோடு போய் நின்றால், "போ பாப்பா. நீ ஒண்ணும் தின்னு காட்ட வேண்டாம்," என்று கதவை மூடுவார். டாக்டர் ஆணா பெண்ணா என்ற கேள்வி அவரிடமிருந்து மறுபடி வர ஆறு ஆண்டுகள் ஆயின.

திங்கட்கிழமைக்குக் கீழே பென்சிலில் இப்படி இருக்கிறது: 'அத்தைக்கு என் மேல் கோபம். முதுகில் அடித்தார். இனிமேல் என்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்.'

பழைய குறிப்புகளைச் சரிபார்ப்பது என் வழக்கம். கிழமை சரி. அடித்ததும் சரி. ஆனால் கோப்பையில் இருப்பது விஷம் என்று நம்பியவர் அவர். என் வாயில் இருந்ததை வெளியே எடுக்க அடித்தார். என் வாய்க்கு மறுபடி எதுவும் போய்விடக் கூடாது என்று பட்டினி கிடந்தார். ஒன்பது வயதில் எனக்கு முதுகு வலித்தது மட்டும்தான் தெரிந்தது.