இல்லாத டிரைவில் நாற்பது வைரஸ்

“...செவப்பு எரிஞ்சா யோசிக்கக் கூடாதும்மா, அமுக்கிடணும்! இன்னா பார்த்துக்கினு குந்திக்கினு கீற?” என் நாற்காலிக்குப் பின்னால் நின்று கத்தினார் எங்கள் சேஃப்டி ஆபீசர்.

கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருக்காலை அது. கம்பிகளுக்குச் சோதனைச் சான்றிதழ் அடித்துக் கொடுப்பது என் வேலை. கம்ப்யூட்டரை யாரும் சொல்லித் தரவில்லை. தப்பாகத் தட்டித் தட்டி நானே பிடித்துக்கொண்டது. அன்று இணையத்தில் எதையோ தேடப் போக, திரை முழுக்கச் சிவப்பு. ‘வைரஸ் புகுந்துவிட்டது, உடனே ஓகே அழுத்து’ என்று ஆங்கிலத்தில் மிரட்டியது. மூன்று வருடச் சான்றிதழ்கள் அந்த ஒரே பெட்டியில்தான். அவை போனால் என் வேலையும் போகும்.

ஆபீசரைக் குறை சொல்ல முடியாது. சைரன் அடித்தால் முதலில் ஓடு, பிறகு கேள் என்று பழக்கியே எத்தனையோ பேரைக் கை கால் முழுசாக வீட்டுக்கு அனுப்பிய மனிதர். ஆனால் இது உலை இல்லையே.

“அமுக்க மாட்டேன் சார்.”

“ஃபைலு பூட்ச்சுன்னா?”

“நானும் போறேன். எங்க ஊரு ஆரம்பாக்கத்துக்கு ரயிலு கீது.”

வாய்தான் அப்படிச் சொன்னது. மவுஸிலிருந்து கையை எடுத்தேன். திரையை வரி வரியாகப் படித்தேன். சி டிரைவில் பதினேழு வைரஸாம். டி டிரைவில் நாற்பதாம்.

“சார், நம்ம பொட்டில டி டிரைவே கிடையாது. இது இன்னாத்த எண்ணிச்சு?”

பெருக்கிக்கொண்டிருந்த அக்கா துடைப்பத்தை ஊன்றி நிமிர்ந்தார். “ஊட்டுல இல்லாத ரூமுல திருடன் பூந்துட்டான்னு ஒருத்தன் கத்துறானா? அவன்தாம்மா திருடன்!”

இதைவிடத் தெளிவாக இன்றுவரை எவரும் எனக்கு விளக்கியதில்லை. அது எச்சரிக்கையே இல்லை, எச்சரிக்கை வேஷம் போட்ட வெறும் இணையப் பக்கம். ஓகேயைத் தொடவில்லை, பக்கத்தில் இருந்த ‘வேண்டாம்’ பொத்தானையும் தொடவில்லை. இரண்டையும் வைத்தவன் ஒருவன்தானே? கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தி, வந்த பட்டியலில் பிரவுசரையே பிடித்து மூடினேன். சிவப்பு ஒழிந்தது. சான்றிதழ்கள் வைத்த இடத்திலேயே இருந்தன.

“நேத்து என் ரூமுலயும் இதே செவப்புதாம்மா வந்துச்சு,” என்றார் ஆபீசர், குரல் இறங்கி.

“அமுக்கிட்டீங்களா சார்?”

அவர் விறுவிறுவென்று தன் அறைக்குப் போனார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வயர்களை உருவி, தன் கம்ப்யூட்டர் பெட்டியை இரு கைகளாலும் தூக்கி வந்து என் மேசைமேல் வைத்தார்.