டிராயிங் இல்லாத குருவிப் பெட்டி

மார்ச் மாதத்தில் ஒரு நாள் முதல் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தேன். பின்பக்கத்தில் மூன்று அட்டைப் பெட்டிகள் தொங்கின. மளிகைக் கடையில் பிஸ்கட் பாக்கெட் வந்து இறங்கும் அட்டையை வெட்டி ஒட்டியவை. ஒன்று முருங்கை மரத்தில், இன்னொன்று கடைக்கோடியில் இருக்கும் குளியலறைச் சுவரில், மூன்றாவது எங்கள் பின்வாசல் கதவுக்கு மேலே சன்ஷேடுக்கு அடியில். எட்டிப் பார்த்தால் ஒவ்வொன்றின் உள்ளேயும் மடித்த செய்தித்தாள், அதன் மேல் உறை பிரித்த ஒரு சாக்லேட்.

வீட்டில் இருப்பது நானும் என் கணவரும் மட்டும். இரண்டு பேருக்கும் சாக்லேட் ஆகாது. என்னங்க இந்தக் கூத்து என்று கேட்டேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"குருவிக்கு எடம் பாக்கறேன்" என்றார்.

வேறு சமயமாக இருந்தால் ஒரு சத்தம் போட்டிருப்பேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருப்பது எங்கள் தெருவுக்கே தெரியும். அன்று வாயை மூடிக்கொண்டு உள்ளே போனேன். நான்கு மாதத்தில் அவர் தானாக எழுந்து செய்த முதல் காரியம் அது.

ஓசூரில் இருக்கும் ஒரு கம்பெனியில் அவருக்கு பிரஸ் ஷாப்பில் வேலை. தகட்டை அடித்து வடிவம் கொடுக்கும் பெரிய இயந்திரங்களில் அச்சு பொருத்துகிறவர். நவம்பரில் அந்த இயந்திரங்களில் ஒன்று அவர் வலது கையின் ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்துக்கொண்டது. கம்பெனியில் வைத்தியம் பார்த்தார்கள், சம்பளத்தை நிறுத்தவில்லை. காயமும் ஆறிவிட்டது. ஆனால் கட்டிலுக்கு அடியில் இருந்த கருவிப் பெட்டியை அவர் ஒரு நாளும் வெளியே இழுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்தால் எல்லோரும் கைகூப்பும்போது இவர் கை மட்டும் சட்டைப் பைக்குள் இருக்கும். பிறகு பூசைக்கு வருவதும் நின்றது.

கம்பெனியிலிருந்து ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள். திரும்பி வந்தால் டூல் ரூமில் அச்சு பழுதுபார்க்கும் கருவி வேலை தருகிறோம், அது முடியாது என்றால் கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதலாம், எதுவென்று ஈஸ்டருக்குள் நீங்களே சொல்லுங்கள் என்று. வண்டி நம்பர் எழுதுவது கேவலம் இல்லை. ஆனால் இருபது வருடம் அச்சு பொருத்திய மனுஷன் கேட்டில் உட்கார்ந்தால் உள்ளுக்குள் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

குருவி வந்த கதை இது. பக்கத்து ஓட்டு வீட்டை விற்றுவிட்டார்கள். கம்பெனி ஆட்களுக்கு வாடகைக்கு விட நான்கு மாடி எழுப்பப் போகிறார்களாம். ஓட்டைப் பிரித்த அன்று அந்த இறவாணத்தில் குடியிருந்த குருவிகள் எல்லாம் எங்கள் துணி காயப்போடும் கம்பியில் வந்து உட்கார்ந்துகொண்டு கத்தின. ஒரு ஜோடி மட்டும் போகவே இல்லை. எங்கள் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டைக்குள் வைக்கோலைக் கொண்டுவந்து திணித்தது. ஃபேனைப் போடாதே என்றார் இவர். மிளகாய் தாளித்த நெடியில் நான் தும்மித் தும்மி, ஒன்று அதுகளுக்கு ஒரு வழி பண்ணுங்கள், இல்லையென்றால் நாளைக்கே வலை அடிக்கிறேன் என்று கத்தினேன். அதற்கு மறுநாள்தான் அட்டைப் பெட்டிகள் தொங்கின.

அடுத்த ஒரு வாரம் அவர் வேலை செய்த விதத்தை இப்போது நினைத்தாலும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. பிரஸ்ஸில் புது அச்சு போட்டால் நேராக உற்பத்தியை ஆரம்பிக்க மாட்டார்கள். முதலில் ட்ரையல். நாலு தகட்டை அடித்துப் பார்த்து, எங்கே பிசகுகிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் மற்றது. குருவிக்கும் அதையே செய்தார். மணிக்கு ஒரு தடவை எழுந்து, வெயில் எதுவரை வந்திருக்கிறது என்று குளியலறைச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, இடது கையால் கோணல்மாணலாக நேரம் எழுதினார். சாக்லேட் எதற்கு என்பது சாயங்காலம் புரிந்தது. குளியலறைச் சுவர்ப் பெட்டியில் அது உருகிக் காகிதத்தோடு ஒட்டியிருந்தது. முருங்கை மரத்துப் பெட்டியில் சாக்லேட்டே தெரியவில்லை, அவ்வளவு எறும்பு. கதவுக்கு மேலே இருந்தது மட்டும் வைத்தது வைத்தபடி இருந்தது.

பூனை எந்த வழியாக வருகிறது என்று பின்வீட்டு அக்காவிடம் போய்க் கேட்டார். அந்த அக்கா பாகலூர்க்காரர், வீட்டில் கன்னடம் பேசுகிறவர். குருவியை குப்பச்சி என்றுதான் சொல்வார். பால் வரும் நேரத்துக்குப் பூனை காம்பவுண்ட் சுவர் மேலே நடந்து முருங்கை மரத்தில் ஏறி இறங்கும் என்று அவர் சொல்ல, மரத்துக்கு எதிராக இரண்டாவது ஓட்டும் விழுந்தது. அந்த வாரமே, கிருஷ்ணகிரிப் பக்கத்து மாந்தோப்புக்காரர்களைக் கலங்கடிக்கும் கோடை மழை ஒன்று காற்றோடு அடித்தது. மழை விட்டதும் விடாததுமாக அவர் மூன்று பெட்டியிலும் இருந்த செய்தித்தாளைத் தொட்டுப் பார்த்தார். கதவுக்கு மேலே இருந்த தாள் மொறுமொறுவென்று இருந்தது.

அந்தக் கதவை நான்தானே ஒரு நாளைக்கு நாற்பது தடவை படாரென்று சாத்துகிறேன், குருவி பயப்படாதா என்று கேட்டேன். கதவு நிலையில் ஏற்கெனவே ரப்பர் ஒட்டியாகிவிட்டது என்றார். மனுஷர் பக்கத்தில் இருப்பது குருவிக்குப் பயம் இல்லையாம், பலம்தானாம். இத்தனை வருடம் கூட வாழ்ந்தும் அவருடைய கம்பெனி வேலையை நான் கண்ணால் பார்த்ததில்லை. அது எப்படி இருந்திருக்கும் என்பதை அந்த வாரத்தில்தான் பார்த்தேன்.

இடம் முடிவானதும் கருவிப் பெட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. பாகலூர் ரோட்டு பழைய சாமான் கடையில், கம்பெனிகளுக்கு இயந்திரம் ஏற்றி வரும் பேலட் கட்டைகளை உடைத்து விற்பார்கள். அதில் நாலு பலகை வாங்கிவந்தார். நான் வேலைக்குப் போன நேரத்தில்தான் அறுத்தார். என் கண் முன்னால் ரம்பத்தைத் தொடவில்லை. வந்து மரத்தூளை மட்டும் பெருக்கினேன்.

இப்போது என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் வேறொரு கம்பெனியில் தர ஆய்வாளர். வண்டிக்குப் போகும் சின்னச் சின்ன உதிரி பாகங்களை அளந்து, சரியென்றால் பச்சை போட்டு டிராயிங் தாளின் கீழே கையெழுத்து, தவறென்றால் சிவப்பு. ஒன்பது வருடமாக அதே வேலை. அதனால் வீட்டில் எங்களுக்குள் ஒரு விளையாட்டு. தோசை சுட்டாலும் குழாய் மாற்றினாலும் அவர் என்னிடம் கொண்டுவந்து காட்டி "பாஸா?" என்பார். நான் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வேன். விரல் போன பிறகு அவர் அப்படிக் கேட்கவே இல்லை.

அன்று கேட்டார். நான் யூனிபார்ம்கூட மாற்றவில்லை. குருவிப் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து என் முன்னால் வைத்து, "பாஸா?" என்றார்.

எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் பழைய விளையாட்டு அப்படியே வந்துவிட்டது. பையிலிருந்த ஸ்டீல் ஸ்கேலை எடுத்தேன். கூரையைத் திறந்து பார்த்தேன். "ஓட்டை வட்டமா இல்ல. அடிப்பலகைல கேப் விட்டிருக்கு. உள்ள ஃபினிஷிங்கே இல்ல, பூரா ரம்பக் கோடு. ரிஜெக்ட்" என்றேன்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். பாத்திரம் கழுவும்போது பார்த்தேன், அது துவைக்கிற கல்லுக்கு அடியில் கவிழ்ந்து கிடந்தது. கருவிப் பெட்டி மறுபடி கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

மன்னிப்புக் கேட்பது எனக்கு வராது. சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் என்று இரண்டு தடவை சொன்னேன். பரவாயில்லை, நீ சொன்னது சரிதான் என்றார். அதுதான் பயமாக இருந்தது. மூன்று நாள் அவர் பின்பக்கமே போகவில்லை. குருவி ஜோடி மறுபடி ஃபேன் ஓட்டையில் வைக்கோல் திணித்தது. ஈஸ்டருக்கு ஒரு வாரம்கூட இல்லை. கேட் வேலைக்குச் சட்டை என்ன நிறம் என்று ஒரு நாள் சாதாரணமாகக் கேட்டார்.

மறுநாள் என் கம்பெனிக்கு வெளியிலிருந்து ஒரு சப்ளையர் அனுப்பிய பாகங்கள் ஒரு பெட்டி நிறைய வந்தன. கூடவே வர வேண்டிய டிராயிங் இல்லை. பாகத்தின் அளவு, எங்கே துளை, எங்கே இடைவெளி எல்லாம் அதில்தான் இருக்கும். நான் போனை எடுத்து அந்த சப்ளையரை வாங்கு வாங்கென்று வாங்கினேன். "டிராயிங் இல்லாம நான் எதையும் பாஸும் பண்ண மாட்டேன், ரிஜெக்டும் பண்ண மாட்டேன். நீங்க என்ன நெனச்சுப் பண்ணீங்கன்னு எனக்கு எப்புடிங்க தெரியும்?"

சொல்லி முடித்ததும் போனை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த வேலையில் சேர்ந்த முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடம் அது. ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூடத் தவறவில்லை. வீட்டுக்கு வந்து தவறியிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நேராகப் பின்பக்கம் போய், துவைக்கிற கல்லுக்கு அடியிலிருந்து பெட்டியை எடுத்துத் துடைத்து மேஜையில் வைத்தேன். கோயில் காலண்டரில் போன மாதத் தாளைக் கிழித்து, பின்பக்கத்தைத் திருப்பி, பென்சிலோடு அவர் முன்னால் வைத்தேன்.

"டிராயிங் குடுங்க. டிராயிங் இல்லாம நான் இன்ஸ்பெக்‌ஷன் பண்ணது தப்பு."

கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் பென்சிலைப் பிடித்து வரைய ஆரம்பித்தார். முன்பக்கம், பக்கவாட்டு, மேலிருந்து. கோடு நடுங்கியது, ஆனால் அளவு ஒன்றும் பிசகவில்லை. பக்கத்தில் குறிப்பு எழுதினார். அடிப்பலகை இடைவெளி: தண்ணீர் வடிய, காற்று வர. உள்ளே ரம்பக் கோடு: குஞ்சு நகத்தால் பிடித்து ஏறி வெளியே வர. பின்னால் இரண்டு ரீப்பர் கட்டை: சுவர் ஈரம் பெட்டியில் ஏறாமலிருக்க. உட்கார வெளியே குச்சி வேண்டாம்: காக்கைக்கு வசதி. நான் குறை என்று சொன்ன மூன்றில் இரண்டு, அவர் யோசித்து யோசித்துச் செய்தவை.

"அன்னிக்கே இதைச் சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"நீ ரிஜெக்ட்னா ரிஜெக்ட்தான்னு நெனச்சேன்" என்றார். "இந்தக் கையை இன்னும் நம்பலாமா வேணாமான்னு எனக்கே தெரியல. நீ பாத்துச் சொல்லுவேன்னுதான் கொண்டாந்து காட்டுனேன்."

நான் அழுதேன். மறைக்க ஒன்றும் இல்லை. அவர் அதைக் கண்டுகொள்ளாமல் ஓட்டையைச் சுட்டிக்காட்டி, இது மட்டும் நீ சொன்னது சரி, இங்கே கை நிற்கவில்லை என்றார். முப்பத்திரண்டு மில்லிமீட்டர் வட்டம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போயிருந்தது. அரத்தை எடுத்துக்கொண்டு என் எதிரிலேயே உட்கார்ந்தார். அரைமணி நேரம் தேய்த்து முப்பத்து நாலில் வட்டமாக்கினார். டிராயிங்கில் முப்பத்திரண்டை அடித்துவிட்டு முப்பத்து நாலு என்று எழுதி, பக்கத்தில் 'திருத்தம் 1' என்றும் போட்டார். கம்பெனியில் தப்பைச் செய்துவிட்டுச் சுளுவாகக் கைகழுவிவிடும் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். தன் தவறைத் தானே காட்டி, திருத்தி, அதை எழுதியும் வைக்கிற ஆளோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

சனிக்கிழமை காலை மாட்டினோம். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். டிரில்லிங் மெஷினை வலது உள்ளங்கையில் தாங்கி, மோதிர விரலால் விசையை அமுக்கினார். முதல் தடவை வழுக்கிச் சுவரில் ஒரு கீறல் விழுந்தது. கீழே இறங்குவார் என்று நினைத்தேன். ஆணியால் ஒரு புள்ளி குத்தி, அதில் முனையை வைத்து மறுபடி அமுக்கினார். இரண்டு துளையும் சுத்தமாக இறங்கின. பெட்டியைத் திருகியதும் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன், குமிழி நடுவில் நிற்கவில்லை. வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, எவ்வளவு சாய வேண்டும் என்று கேட்டேன். முன்னால் கொஞ்சம், ஓட்டையில் சாரல் பட்டாலும் உள்ளே போகாமல் வடியும்படி என்றார். மேல் திருகுக்குப் பின்னால் ஒரு வாஷர் அதிகம் வைத்திருந்தார்.

ஸ்டூலிலிருந்து இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டார். "பாஸா?" என்று கேட்பார் என்று காத்திருந்தேன். பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. போனை எடுத்துக் கம்பெனிக்குப் போட்டு, டூல் ரூமுக்கே வருகிறேன், திங்கட்கிழமையிலிருந்து என்று சொல்லிவிட்டு, காபி இருக்கிறதா என்றார்.

கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது எனக்கு. ஆனால் இனி அவருக்கு என் பச்சையும் வேண்டாம், சிவப்பும் வேண்டாம் என்பது அதைவிடப் பெரிய நிம்மதியாக இருந்தது. மறுநாள் ஈஸ்டர் பூசையில் எல்லோரும் கைகூப்பியபோது ஓரக்கண்ணால் பார்த்தேன். அவரும் கூப்பியிருந்தார்.

அவர் வேலைக்குப் போன மூன்றாம் நாள் ஆண் குருவி கூரை மேல் வந்து உட்கார்ந்தது. அதற்கும் இரண்டு நாள் கழித்து, நான் தாளிக்கும்போது, பெண் குருவி வாயில் வைக்கோலோடு அந்த ஓட்டைக்குள் போனது. ஃபேனைப் போட்டேன். டூல் ரூமில் போன் எடுக்க மாட்டார்கள், சொல்வதற்குச் சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டும். அடுப்பைக் குறைத்துவிட்டு, சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த அந்தக் காலண்டர் தாள் டிராயிங்கின் கீழே, யாரும் கேட்காமலே என் கையெழுத்தைப் போட்டேன்.