பாவு அறுத்த புதன்கிழமை

தொண்ணூறுகளின் நடுவில் ஆரணியில் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். காலாண்டுத் தேர்வுக்கு எட்டு நாள் இருந்தது. அன்று பள்ளிக்குத் தாமதமாகிவிட்டது. தறியில் ஏற்றும் நீள இழைகளான பட்டுப் பாவைத் தெருவில் நீட்டிக் கட்டியிருந்தால், சைக்கிளை விட்டு இறங்கிச் சுற்றிப் போவது எங்கள் ஊர் வழக்கம். நான் இறங்கவில்லை. சக்கரத்தில் சிக்கி இழைகள் அறுந்தன. திரும்பிப் பார்க்காமல் பள்ளிக்கு மிதித்துவிட்டேன்.

முதல் பாடவேளையில் பாவுக்குச் சொந்தக்காரரான கோமளா அக்கா வகுப்பு வாசலுக்கு வந்தார். டீச்சர் அவரிடம் தனியாகப் பேசிவிட்டு உள்ளே வந்தார். யார் செய்தது என்று கேட்கவில்லை.

"வெயில் ஏறிட்டா கஞ்சி காய்ஞ்சு பாவு வீணாயிடுமாம். இழை முடியத் தெரிஞ்சவங்க ஜல்தியா போங்க."

நெசவு வீட்டுப் பிள்ளைகள் பதினொரு பேர் எழுந்தார்கள். மளிகைக்கடைக்காரர் மகனான நானும் எழுந்தேன்.

தெருவில் வகுப்புத் தோழி செல்வி என் விரல்களைப் பார்த்துச் சிரித்தாள். "டேய் மளிகை, இது பொட்டலம் கட்டற நூல் இல்ல. எதுக்குடா வந்த?"

"நான்தான் அறுத்தேன்" என்றேன்.

கோமளா அக்கா முடிச்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்பா. ஸ்கூல்ல நிக்கிற உன் சைக்கிள் சக்கரத்துல என் பட்டு சுத்திகினு இருக்குது. டீச்சருக்குக் காட்டினேன். அவனே சொல்லுவான், கொஞ்சம் பொறுங்கன்னாங்க. இந்தா, இந்த முனையப் புடி."

பாவு தப்பியது. டீச்சர் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. வகுப்பில் என் பெயரைச் சொல்லி விசாரித்திருந்தால் நிச்சயம் மறுத்திருப்பேன். மறுக்கிறவனாகவே வளர்ந்தும் இருப்பேன். என்னை நம்பி அவர் பொறுத்திருந்த அந்த ஒரு மணி நேரத்துக்கு, இன்றுவரை நான் நன்றியோடு இருக்கிறேன்.