புளியங்கட்டையில் ஓடிய மில்

ஐம்பதுகளின் கடைசியில், எனக்குக் கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்த மறுவருடம் நடந்தது இது. என் கணவர் கடைவீதிக்குப் பின்னால் ஒரு சின்ன நெல் மில் வைத்திருந்தார். எல்லாம் பழைய இயந்திரங்கள். எண்ணெய் இன்ஜின் ஒரு நீளமான இரும்புத் தண்டைச் சுழற்றும். அந்தத் தண்டிலிருந்து வரும் பெல்ட்தான் நெல் குத்தும் இயந்திரத்தை ஓட்டும். வீடும் மில்லும் ஒரே சுவர்.

திடீரென்று பெல்ட் அடிக்கடி கழன்று விழ ஆரம்பித்தது. இவர் அதை வெட்டித் தைத்தார், வழுக்காமலிருக்கக் குங்கிலியம் தடவினார், கடைசியில் புதுசே வாங்கி மாட்டினார். அதுவும் ஒரு பக்கமாக நகர்ந்து நகர்ந்து விழுந்தது. அந்த நேரத்தில் பக்கத்துத் தெரு ஆசாரி, படகு கட்டுகிறவர், மகள் கல்யாணத்துக்கென்று அவித்துக் காயவைத்த நெல்லைக் கொண்டுவந்து போட்டிருந்தார். நல்ல கோபக்காரர். மில் நிற்பதைப் பார்த்துவிட்டு, “எந்தா மோனே, எண்ட மகள் கல்யாணத்துக்கு இலையில சோறு விளம்பணுமா, நெல்லு விளம்பணுமா?” என்று வாசலிலேயே சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

அன்று இவருடைய கைலியைத் துவைத்தபோது எண்ணெய்க் கறைக்குள் ஏதோ மினுமினுத்தது. தேய்த்துப் பார்த்தேன். மஞ்சள் நிறத்தில் ஒரு தூள், தங்கப்பொடி மாதிரி. ஈரக் கைலியோடு மில்லுக்கு ஓடினேன்.

“இங்க பாருங்க, இது எங்கேயிருந்து வந்துச்சு?”

இவர் விரலில் எடுத்துப் பார்த்தார். “பித்தளை, புள்ளே!” என்றவர் சுவரோரமாகப் போய்க் குனிந்தார். தண்டின் அந்த முனைக்குக் கீழே தரையெல்லாம் அதே மினுமினுப்பு. கடப்பாரையைக் கொடுத்துத் தண்டை மெல்ல நெம்பினார். ‘டொக்’ என்று மேலே தூக்கியது. மறுமுனையை நெம்பினால் அசையவே இல்லை. தண்டு உட்கார்ந்து சுற்றும் பித்தளைப் புஷ் ஒருபக்கமாகத் தேய்ந்து காகிதம்போல ஆகியிருந்தது. தண்டு சாய்ந்திருக்கும்போது பெல்ட் எப்படி நிற்கும்?

காரணம் தெரிந்த சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். எர்ணாகுளம் பட்டறையில் புதுசு வார்த்துக் கடைந்து தர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். கல்யாணமோ அதற்கு முன்னாலேயே. மறுநாள் காலை ஆசாரி கைவண்டியோடு வந்துவிட்டார், நெல்லை வேறு மில்லுக்குக் கொண்டுபோக. அவர் எடுத்தால் மற்றவர்களும் எடுப்பார்கள். இவர் தேய்ந்த புஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆசாரி மூட்டைமேல் வைத்த கையை எடுத்தார். “அதிங்கே தா, பாக்கட்டே” என்று புஷ்ஷை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “எஞ்சின் படகுல பின்னால சுத்துற தண்டுக்கு நாங்க புஷ்ஷா மரம்தானே வைக்கிறோம்? இதுக்கும் வைக்கலாம்” என்றார். வண்டிக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டு, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

வைரம் பாய்ந்த புளியங்கட்டை ஒன்றை வீட்டிலிருந்து எடுத்துவந்து இரண்டாகப் பிளந்தார். இவர் அளவு சொல்லச் சொல்ல உளியால் குடைந்தார். செதுக்கி முடித்ததும் என்னைப் பார்த்து, “மோளே, இதை எண்ணெய்ல நல்லா வேகவிடணும், எண்ணெய் குடிச்சாத்தான் தண்டு சூடாகாம சுத்தும்” என்றார். அந்தக் கல்யாணத்துக்காக முதன்முதலில் சட்டியில் பொரிந்தது அந்தக் கட்டைதான்! அடுப்பைச் சுற்றி நின்று மூன்று பேரும் சிரித்தோம்.

மத்தியானம் இரண்டு பாதிகளையும் தண்டைச் சுற்றிப் பொருத்தி இன்ஜினைப் போட்டார்கள். பெல்ட் நடுவிலேயே நின்றது. மெதுவாகத்தான் ஓட்டினார் இவர். ஆசாரி பக்கத்திலேயே உட்கார்ந்து, சூடேறுகிறதா என்று தொட்டுப் பார்ப்பதும் எண்ணெய் விடுவதுமாக இருந்தார். அவருடைய நெல் முடிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. மற்றவர்கள் போட்டிருந்த மூட்டைகளும் அரிசியாகும்வரை இருந்துவிட்டுத்தான் போனார்.

கல்யாணப் பந்தியில் எங்கள் இருவரையும் முன்வரிசையில் உட்காரவைத்து, அவரே சோறு விளம்பினார். “நல்லா தின்னு மோனே” என்று இவர் தோளில் தட்டினார். இவருக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்றைக்கும் யாராவது கோபமாக என் வாசலில் வந்து நின்றால், எனக்கு உடனே பதிலுக்குப் பேசத் தோன்றுவதில்லை. சட்டையைக் கழற்றிவிட்டு நமக்காக உட்காரப்போகிறவர் இந்தக் கோபக்காரராகவும் இருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.