படகு எஞ்சினுக்கு மூச்சு முட்டிய வாரம்

என் அப்பா படகு எஞ்சின் மெக்கானிக் என்று சொன்னால் வகுப்பில் யாரும் நம்பமாட்டார்கள். காஞ்சிபுரத்தில் அப்பாக்கள் தறியில் இருப்பார்கள், ஜவுளிக்கடையில் இருப்பார்கள், கோயிலில் இருப்பார்கள். பாலாற்றில் வருடத்தின் பெரும்பகுதி மணல்தான். “உங்கப்பா மணல்லயா படகு ஓட்றாரு?” என்று ஒருத்தி கேட்டாள்.

அப்பா வேலை பார்த்தது கடலோரம் ஒரு சுற்றுலாப் படகுத்துறையில். பதினைந்து நாளைக்கு ஒருமுறை சனிக்கிழமை வருவார். ஞாயிறு மாலை பஸ் ஏறிவிடுவார். அம்மாவுக்குப் பட்டுக்கடையில் புடவை எடுத்துக் காட்டும் வேலை. அவள் வர எட்டு மணிக்கு மேலாகிவிடும். பள்ளி விட்டு வந்து பூட்டைத் திறப்பவள் நான்தான். பிள்ளையார்பாளையம் முழுக்கத் தறிச் சத்தம் கேட்கும்போது எங்கள் வீட்டில் மட்டும் மின்விசிறி சுற்றும் சத்தம் இருக்கும். சில நாள் நானே என்னோடு இரண்டு குரலில் பேசிக்கொள்வேன்.

ஐந்தாம் வகுப்பு அரையாண்டு விடுமுறையில் அப்பா ஒரு மினி வேனில் எஞ்சினோடு வந்து இறங்கினார். வேகப்படகின் பின்னால் மாட்டுகிற எஞ்சின். கிட்டத்தட்ட என் உயரம் இருந்தது. படகு சீறிக் கிளம்பிப் பாதியில் சோர்ந்துபோகிறதாம். புத்தாண்டுக் கூட்டம் நெருங்குகிறது, நாலு நாளில் சரிசெய்து கொண்டுவா என்று முதலாளி அனுப்பியிருந்தார். நாலு நாள்! அவ்வளவு நாள் சேர்ந்தாற்போல் அப்பா வீட்டில் இருந்ததாக எனக்கு நினைவே இல்லை.

சாயப்பட்டறையிலிருந்து பெரிய டிரம் ஒன்றை இரவல் வாங்கி, தண்ணீர் நிரப்பி, அதில் எஞ்சினின் வாலை இறக்கினார். டிரம்மில் ஒட்டியிருந்த சாயம் கரைந்து தண்ணீர் இளஞ்சிவப்பாயிற்று. எஞ்சின் உறுமியதும் எதிர்வீட்டுத் தறிக்காரர் ஓடிவந்தார். “இன்னாபா இது, ஊட்டுக்குள்ள ஏரோப்ளேன் உட்டுக்கினு இருக்கிற?” என்றவர், கோபத்தை மறந்து அரைமணி நேரம் வேடிக்கை பார்த்தார்.

தண்ணீர் தெறிக்கக் கூடாதென்று முதலாளி எஞ்சினுக்கு மேல் ஒரு பெட்டி மாட்டியிருந்தார். அதற்குள் எஞ்சின் தான் விட்ட சூட்டையே திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது. அப்பா என்னைக் கூப்பிட்டார்.

“மூக்கப் புடிச்சிக்கினு தெருக்கோடி வரைக்கும் ஓடிட்டு வா பாக்கலாம்.”

ஓடினேன். பாதித் தெருவில் கையை எடுத்துவிட்டேன்.

“இதுக்கும் அதாம்மா கஷ்டம். எவ்ளோ பெட்ரோல் குட்த்தாலும் காத்து பத்தலன்னா ஓடாது. அதுவும் சில்லுனு காத்தா இருக்கணும். சூட்டுக் காத்துல சத்து கம்மி.”

பெட்டியில் துளை போட்டு, அகலமான குழாயை வளைத்து, தண்ணீர் ஏறாதபடி வாயைப் பின்பக்கமாகக் கீழ்நோக்கித் திருப்பினார். குழாயைப் பிடித்துக்கொண்டது நான். மத்தியானம் அவரே சோறு வடித்தார். நான் கூப்பிட்டால் வீட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. சும்மாவே பலமுறை கூப்பிட்டேன்.

நாலாம் நாள் மாலை எஞ்சின் தடையில்லாமல் முழங்கியது. “காலைல வண்டி வந்துடும்” என்றார் அப்பா. அவர் குளிக்கப் போனதும் என் பள்ளிக்கூடச் சாக்ஸ் ஒன்றைச் சுருட்டி அந்தக் குழாய்க்குள் விரல் எட்டும் மட்டும் திணித்தேன்.

காலையில் வேனில் ஏற்றுமுன் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். வேகம் கூட்டியதும் எஞ்சின் திணறி நின்றது. பெட்டியைக் கழற்றினார். குழாயைக் கண்ணருகே வைத்து வெளிச்சத்தில் பார்த்தார். நான் வாசற்கதவின் தாழ்ப்பாளை ஆட்டிக்கொண்டிருந்தேன். என் பக்கம் அவர் திரும்பவில்லை. போனை எடுத்தார்.

“சார், இன்னும் சரியாவல. ரெண்டு நாளு ஆவும் சார்.”

எதிர்முனையில் கத்தியது எனக்கே கேட்டது. வேன் காலியாகத் திரும்பியது.

அந்த இரண்டு நாளும் அப்பா எஞ்சினைத் தொடவில்லை. சைக்கிளில் என்னை முன்னால் உட்காரவைத்துத் திருப்பருத்திக்குன்றத்துக்கு ஓட்டிப்போனார். சமணக் கோயிலின் கூரை ஓவியங்களைக் கழுத்து வலிக்கப் பார்த்தோம். ஆற்று மணலில் ஊற்று தோண்டிக் காகிதப் படகு விட்டோம். நான் அவரை ஏமாற்றி நிறுத்திவைத்திருக்கிறேன் என்ற பெருமை எனக்கு. மூன்றாம் நாள் காலை எஞ்சின் முதல் இழுப்பிலேயே கிளம்பியபோதும், கொடியில் என் சாக்ஸ் ஜோடியாகக் காய்ந்தபோதும் நான் எதையும் யோசிக்கவில்லை.

அந்த இரண்டு நாளில் முதலாளி வேறு ஆளைப் போட்டுவிட்டார் என்பதை நான் கல்லூரியில் படிக்கும்போதுதான் அம்மா சொன்னாள். “உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினாரு” என்றாள்.

பொங்கல் முடிந்ததும் அப்பா அந்தமானில் படகு வேலைக்குக் கிளம்பினார். பை பெரிதாக இருந்தது.

“எவ்ளோ தூரம்பா அது?”

“கப்பல்ல மூணு நாளும்மா.”

“மூணே நாளா?”

“ஆமாம்மா” என்று சொல்லிவிட்டுப் பையின் ஜிப்பை இழுத்தார். அது சிக்கிக்கொண்டது, வெகுநேரம் குனிந்து அதையே இழுத்துக்கொண்டிருந்தார். மூன்று நாள் பதினைந்து நாளைவிடக் குறைச்சல்தானே என்று எனக்கு ஒரே சந்தோஷம்.